அயல்நாட்டுப் பயணத்தில் காமிராவுக்குக் காவல்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடும்பம் நடத்தும் நமக்குப் பயணம் புதிதன்று. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊருக்குப் போய் வருகிறோம். தில்லியிலிருந்து சென்னை செல்லும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்தவர் எவரும் பெட்டியைச் சங்கிலியால் பிணைக்காமல் கண்ணயர்வதில்லை. போபாலிலோ நாகபுரியிலோ வண்டி நிற்கும்போது, தூக்கத்திலேயே கை நீண்டு பூட்டைத் தொட்டுப் பார்க்கிறது. இந்த விழிப்பு எவரும் பாடம் நடத்திக் கற்பித்ததன்று, பழக்கத்தால் வந்தது.

ஆயினும் இதே நாம் கடல் கடந்து செல்லும்போது அப்பழக்கத்தை வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம். ஒழுங்கு மிகுந்த நாடு, தூய்மையான தெரு, குறித்த நொடியில் புறப்படும் ரயில் இவற்றையெல்லாம் கண்டவுடன், இங்கே திருட்டு ஏது என்னும் எண்ணம் நம்மை அறியாமலே உள்ளத்தில் குடியேறிவிடுகிறது. உண்மை வேறு. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகம் நாள் முழுவதும் மூடிக் கிடந்தது. உள்ளே நடமாடிய ஜேப்படிக்காரர்களின் தொல்லை தாளாமல் அங்குள்ள காவற் பணியாளர்களே வேலை செய்ய மறுத்துவிட்டனர். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐபெல் கோபுரத்தின் பணியாளர்களும் இதே காரணத்துக்காக வேலையை நிறுத்தினர். சில மணி நேரம் கோபுரத்தின் வாயில் திறக்கவில்லை. காவலர்களே சலித்துப்போகும் இடத்தில், கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்து நிற்கும் பயணியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனை நாம் ஏட்டில் படித்து மட்டும் அறிந்தோமல்லோம். 2017-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் வாழும் தங்கையின் வீட்டுக்குச் செல்லும் வழியில், அம்மாவை ரோமாபுரிக்கு அழைத்துச் சென்றோம். கும்பகோணத்தையும் தில்லியையும் தவிர வேறு ஊர் அறியாத அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்திரண்டு. முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் ஐந்து நாட்கள் ஊரைச் சுற்றி வந்தார். திரேவி நீரூற்றின் முன் நின்று, வலக் கையால் இடத் தோளுக்கு மேலாக நாணயத்தை எறிந்தால் மீண்டும் ரோமாபுரிக்கு வரலாம் என்பது அவ்வூர் வழக்கு. அம்மாவும் அவ்வாறே எறிந்துவிட்டுச் சிறுமியைப் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் படம் எடுத்தோம்.

ஐந்தாம் நாள் விமான நிலையம் செல்வதற்காகத் தெர்மினி நிலையத்தில் ரயிலேறி அமர்ந்தோம். வண்டி புறப்பட இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. மனைவி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காமிராப் பை நமக்கு அருகில், இருக்கையின்மேல் இருந்தது. வெளியே நின்ற ஒருவன் சன்னல் கண்ணாடியைத் தட்டித் தரையைச் சுட்டிக் காட்டி ஏதோ கேட்டான். மூவரும் சன்னல் பக்கம் திரும்பினோம். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நாம் முகத்தைத் திருப்பியபோது இருக்கையின்மேல் பை இல்லை. பத்து நொடிகூட ஆகியிருக்காது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அன்று அந்நிலையத்துப் போலீஸ் அறையில் மொழியற்று நின்றோம். எங்கள் தவிப்பைக் கண்ட மாணவி ஒருத்தி, தன் வண்டியையும் தவறவிட்டுவிட்டு, இத்தாலிய மொழியில் எங்களுக்காகப் பேசி உதவினாள். காமிராவின் வரிசை எண் என்ன என்று அதிகாரி கேட்டார். அது எழுதியிருந்த விலைச் சீட்டு தில்லியில் அலமாரிக்குள் இருந்தது. படங்களின் நகல் இருக்கிறதா என்று மாணவி கேட்டாள். ஐந்து நாள் படங்களும் காமிராவுக்குள் இருந்த ஒரே மெமரி கார்டில்தான் இருந்தன. நல்ல காமிரா கையில் இருக்கிறதே என்று கைபேசியில் ஒரு படமும் எடுக்கவில்லை. பின்னர் காப்பீட்டாளரிடமிருந்து காமிராவின் விலையில் பாதிக்குக் குறைவாகவே கிடைத்தது. அதற்கும் பல மாதங்கள் ஆயின.

அன்று நாம் செய்த பிழைகள் மூன்று. பையைக் கண்ணின் காவலில் விட்டோம். கையின் காவலில் வைக்கவில்லை. பொருள் நம்முடையது என்று காட்டும் சான்றைக் கையோடு கொண்டு செல்லவில்லை. படங்களைக் காமிராவிலிருந்து பிரித்து வைக்கவில்லை. இம்மூன்றையும் முறையே எடுத்துக்கொண்டு, மற்றவர்க்குப் பயன்படுமாறு சொல்ல முயல்கிறோம்.

முதலில், திருடன் காமிராவை விரும்புவது ஏன் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் காமிரா என்பது முக்காலியின்மேல் நிற்கும் பெரிய மரப்பெட்டி. அதனுடன் கனத்த கண்ணாடித் தகடுகளும் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடத் துணியும் திருடன் அரியவன். 1925-ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் லைக்கா என்னும் சிறு காமிரா விற்பனைக்கு வந்தது. அதனை அமைத்தவர் ஆஸ்கர் பார்னாக் என்னும் ஜெர்மானியர். சட்டைப்பையில் அடங்கும் அக்கருவி, பயணியின் தோளுக்குச் சுமையைக் குறைத்தது. திருடனின் கைக்கும் குறைத்தது. இன்றைய நல்ல காமிராவோ, ஒரு லென்ஸுடன் சேர்ந்து, நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்புக்கு ஈடானது. களவு போன கைபேசியைத் தொலைவிலிருந்தே முடக்கிவிடலாம். பெரும்பாலான காமிராக்களுக்கு அவ்வசதி கிடையாது. எடுத்தவன் கையில் அது அன்றே படம் பிடிக்கும், மறுநாளே விலை போகும்.

பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றை இனிக் காண்போம். ஒவ்வொரு காமிராவின் உடலிலும், பெரும்பாலும் அடிப்புறத்தில், வரிசை எண் பொறித்திருக்கும். லென்ஸுக்குத் தனி எண் உண்டு. இவ்வெண்களைக் குறித்துக்கொள்வதுடன், அவற்றையும் விலைச் சீட்டையும் படம் எடுத்துக் கைபேசியில் ஒன்றும், நம் மின்னஞ்சலில் ஒன்றுமாக வைத்துக்கொள்ள வேண்டும். விலை மிகுந்த காமிராவை எடுத்துச் செல்வோர், இந்தியாவிலிருந்து புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் அதனைக் காட்டி, எண்ணுடன் கூடிய சான்றிதழ் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். திரும்பி வரும்போது, இது வெளிநாட்டில் வாங்கியதன்று என்று மெய்ப்பிக்க அச்சான்று உதவும். காமிரா களவு போனாலும், அது நம் உடைமை என்பதற்கு அதுவே அரசு முத்திரையுடன் கூடிய சாட்சியாகும்.

பயணக் காப்பீடு செய்துகொள்வோர், செலுத்தும் தொகையைப் பார்ப்பதோடு நில்லாமல், எவை விலக்கப்பட்டுள்ளன என்னும் பகுதியை வாசிக்க வேண்டும். பல காப்பீடுகள் காமிராவை விலை மிகுந்த பொருள் என்று விலக்கிவைக்கும். அல்லது சிறு தொகையையே வரம்பாகக் கட்டும். காவலின்றி விடப்பட்ட பொருளுக்கு ஈடு இல்லை என்னும் விதியும் பலவற்றில் உண்டு. இருக்கையின்மேல் வைத்த பை காவலில் இருந்ததா, காவலின்றி இருந்ததா என்று வழக்காடிக் காலம் கழித்தவர்கள் நாங்கள். ஆதலால் காமிராவின் பெயரையும் எண்ணையும் குறிப்பிட்டுத் தனியே காப்பீடு கிடைக்குமாயின், அதுவே மேலானது.

விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் காமிராவை வைத்தல் ஆகாது. தனியே எடுத்துச் செல்லும் லித்தியம் பாட்டரிகளை அப்பெட்டியில் வைக்கக் கூடாது என்பது பன்னாட்டு விதி. அவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். காமிராவும் அவற்றுடன் கைப்பையிலேயே இருப்பதுதான் முறை. பெட்டி காணாமற் போனால் விமானக் கம்பெனி முழு விலையும் கொடுத்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. இதற்கு வரம்பு கட்டும் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் இணைந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அவ்வரம்பு, பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்னும் பன்னாட்டு நிதி அலகுகளாகும். அது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலருக்கு ஈடு. அத்தொகைக்குள் பெட்டியிலுள்ள துணிமணி, செருப்பு, ஊறுகாய் முதல் அனைத்தும் அடங்க வேண்டும்.

விமான நிலையச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. கைப்பையை ஊடுகதிர்ப் பெட்டிக்குள் முன்னதாகவே அனுப்பிவிட்டு, நாம் வரிசையில் பின்தங்கி நிற்கிறோம். அந்நேரத்தில் மறுபுறம் அப்பை எவர் வேண்டுமானாலும் எடுக்கத்தக்கதாகக் கிடக்கும். நாம் வாயிலைக் கடக்கும் முறை வந்த பிறகே பையைக் கையை விட்டு அனுப்புதல் வேண்டும். குடும்பமாகச் செல்வோர், ஒருவர் முன்னே கடந்து சென்று மறுபுறம் நிற்பது நன்று.

இனித் தெருவில் நடக்கும்போது. காமிரா வாங்குகையில் அதனுடன் வரும் வாரில், செய்த கம்பெனியின் பெயர் பளிச்சென்று எழுதியிருக்கும். அது நமக்குப் பெருமை, திருடனுக்கு விளம்பரம். எழுத்தில்லாத சாதாரண வாரை மாட்டிக்கொள்வது மேல். வாரை ஒரு தோளில் மட்டும் தொங்கவிடாமல், பூணூல் போலக் குறுக்காக அணிந்து, கூட்டத்தில் காமிராவை மார்புக்கு முன் கொண்டுவர வேண்டும். முதுகில் மாட்டும் பை, பேருந்திலும் சுரங்க ரயிலிலும் நமக்குச் சொந்தமன்று. பின்னால் நிற்பவருக்கே சொந்தம். வியட்நாமின் ஹோ சி மின் நகரம் போன்ற இடங்களில், மோட்டார் சைக்கிளில் வருவோர் ஓடும் வேகத்திலேயே பையைப் பறித்துச் செல்வதுண்டு. அத்தகைய ஊர்களில், சாலைக்கு அப்பாலுள்ள தோளின் பக்கமாகவே காமிரா இருத்தல் வேண்டும். படம் எடுத்து முடித்ததும் அதனைப் பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். அந்தப் பையும் காமிராப் பை என்று பார்த்தவுடன் தெரியாததாக, காய்கறி வாங்கப் போகும் பையைப் போல இருப்பின் மிக நன்று.

உணவு விடுதியில் பையை நாற்காலியின் முதுகில் மாட்டுவதும், காமிராவை மேசைமேல் வைப்பதும் வழக்கமான பிழைகள். வரைபடத்தையோ செய்தித்தாளையோ மேசைமேல் விரித்து வழி கேட்பான் ஒருவன். தாளுக்கு மேலே பேச்சு நடக்கும், தாளுக்குக் கீழே கை வேலை செய்யும். பையைக் காலடியில் வைத்து, அதன் வாரை நம் காலிலோ நாற்காலியின் காலிலோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், அதனை ஓசையின்றி எடுக்க இயலாது.

தந்திரங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும், அடிப்படை ஒன்றே. பாரிஸில் ஓர் அட்டையை நீட்டி ஏதோ விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பார்சிலோனாவில் நம் சட்டையில் பறவை எச்சம் பட்டுவிட்டதென்று சொல்லித் தாமே துடைக்க வருவார்கள். வாடகைக் காரில் செல்வோரிடம் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதென்று கூறி, இறங்கிப் பார்க்கச் செய்வதும் உண்டு. எங்களிடம் சன்னலைத் தட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒருவன் நம் கவனத்தை வாங்குகிறான். மற்றொருவன் பொருளை எடுக்கிறான்.

ஆதலால் நாம் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. அயலார் எவரேனும் திடீரென்று நம் கவனத்தைக் கேட்டால், முதலில் கை பையின்மேல் செல்லட்டும். அதன் பின்னரே முகம் அவர்பால் திரும்பட்டும். இதில் அவமதிப்பு ஏதும் இல்லை. நேர்மையானவர் நம் கை எங்கே இருக்கிறதென்று பார்ப்பதில்லை. எவரிடமும் பேசாமல், அனைவரையும் ஐயுற்று நடப்பதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் பையை எடுத்தவன் வாழ்ந்த அதே நகரத்தில்தான் எங்களுக்காகத் தன் வண்டியைத் தவறவிட்ட மாணவியும் வாழ்ந்தாள்.

ஐரோப்பிய ரயில்களில் பெரிய பெட்டிகளை வைக்கும் தட்டுகள் பெரும்பாலும் பெட்டியின் கோடியில், கதவுக்கு அருகில் இருக்கும். கதவு மூடும் நொடிக்கு முன் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால், வண்டி நம்மைச் சுமந்து சென்றுவிடும். ஆதலால் காமிராவை அங்கேயும் வைக்கலாகாது. தலைக்கு மேலுள்ள தட்டிலும் வைக்கலாகாது. மடியிலோ, வார் காலில் சுற்றிய நிலையில் காலடியிலோ இருக்கட்டும். நிலையம் வரும்போதெல்லாம், நாகபுரியில் தொட்டுப் பார்த்த அதே கை இங்கும் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும்.

விடுதி அறையில் இரும்புப் பெட்டகம் இருப்பின் அதில் வைத்துப் பூட்டலாம். பெட்டகம் சிறிதாயின், வரவேற்பாளரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெறலாம். அதுவும் இயலாதபோது, நம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அப்பெட்டியை அறையிலுள்ள அசைக்க முடியாத பொருளோடு சங்கிலியால் பிணைத்துவிடலாம். நாம் ரயிலுக்கென்று வைத்திருக்கும் அதே சங்கிலி போதும். காரில் வைப்பதாயின், புறப்படும் இடத்திலேயே பின்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் பலர் காணத் திறந்து வைப்பது, வைக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டுவதாகும்.

இனி மூன்றாவதும் மிக முக்கியமானதுமான காவலுக்கு வருவோம். அது படங்களுக்குரிய காவல். ஒவ்வோர் இரவும், உறங்குமுன், அன்றைய படங்களுக்கு ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். மடிக்கணினி உடன் இருந்தால் அதில் எடுக்கலாம். இல்லையேல், இக்காலக் காமிராக்கள் பலவற்றிலிருந்து கம்பியின்றியே கைபேசிக்கு அனுப்பலாம். விடுதியில் இணைய வசதி இருப்பின், முக்கியமான சில படங்களை அன்றே வீட்டாருக்கு அனுப்பிவிடுவது நன்று. நகல் இருக்கும் பொருளைக் காமிராப் பையிலேயே வைத்தால் பயனில்லை. இரண்டும் ஒருசேரப் போய்விடும். பயணம் முழுவதற்கும் ஒரே பெரிய கார்டை நம்பாமல், சிறிய கார்டுகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, நிறைந்ததை எடுத்துச் சட்டையின் உட்பையில் தனியே வைக்கலாம். இன்னும் ஒன்று. ஒவ்வொரு கார்டிலும் முதற் படமாக, நம் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுதிய தாளைப் படம் எடுத்து வைத்தால், மறந்து விட்டுவந்த காமிராவைக் கண்டெடுக்கும் நல்லவர் நம்மைத் தேடிக் கண்டுபிடிக்க வழி உண்டாகும்.

இவ்வளவும் செய்த பின்னும் காமிரா போகலாம். போனால், எடுத்தவனைத் துரத்திச் செல்லுதல் கூடாது. பொருளுக்காக உயிரைப் பணயம் வைப்பது அறிவன்று. அன்றைய தினமே போலீசில் எழுத்து மூலம் புகார் அளித்து, அதன் எண்ணுடன் கூடிய நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊர் திரும்பிய பின் அதனைப் பெறுதல் மிகக் கடினம். அதுவின்றிக் காப்பீடும் கிடைக்காது. காப்பீட்டாளருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பையோடு பாஸ்போர்ட்டும் போயிருந்தால், அப்புகாரின் நகலுடன் இந்தியத் தூதரகத்தை அணுகுவதே அடுத்த வேலை.

அன்று போலீஸ் அறையிலிருந்து வெளியே வந்தபோது, நாம் வாய்விட்டு வருந்தியதைக் கேட்டு அம்மா சொன்னார்: "போனது போகட்டும் அப்பா. நான்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே!" அவர் பார்த்துவிட்டார் என்பது உண்மையே. ஆனால், பார்த்து நின்ற அம்மாவை இனி நாம் பார்க்க வேண்டுமே என்னும் எண்ணம் அப்போது நமக்குத் தோன்றவில்லை. 2019-ஆம் ஆண்டு அம்மா மறைந்தார்.

தில்லியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்று ஒரு படம் இருக்கிறது. நீரூற்றின் முன்னே, தோளுக்கு மேல் கை உயர்த்தி, அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். ரோமாபுரியில் இரண்டாம் நாள் இரவு, தங்கை கேட்டாளே என்று, மனைவி தம் கைபேசிக்கு மாற்றி அவளுக்கு அனுப்பிய ஒரே படம் அது. அனுப்பி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று என்று மனைவி நினைவுகூர்வார். மற்ற மூன்று இரவுகளிலும் அந்த இரண்டு நிமிடங்களை நாங்கள் செலவிடவில்லை.

காமிராவைக் காப்பாற்றுங்கள், அதற்கு வேண்டியதெல்லாம் கையின் பழக்கமே. அதனினும் முதன்மையாக, விளக்கை அணைக்குமுன், அன்றைய படங்களை வேறோர் இடத்தில் சேர்த்துவிட்டு உறங்குங்கள்.